‘காரணங்களைத் தருக’: உலக வரலாறும் மாணவர் வினாக்களுக்கு விடையளித்தலும்

1

உலக வரலாறு கற்கும் மாணவர் தமது அப்பியாசக் கொப்பியுடன் நம்மிடம் வரும்போது கொண்டுவரும் வினாக்களுள் ஒன்றேனும் பிரெஞ்சுப் புரட்சி பற்றியதாக இருக்கும். ‘பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களைத் தருக’ என்பது அதன் வழமையான வடிவம். விடையும் வழமையானதே. அரசியற் காரணங்கள், சமூகக் காரணங்கள், பொருளாதாரக் காரணங்கள், சிந்தனையாளரின் செல்வாக்கு, உடனடிக் காரணம் என ஐந்து தலைப்புகள். அவற்றின்கீழ்ப் பதினாறாம் லூயியின் திறமையின்மை, மூன்று பிரிவினராக வகுக்கப்பட்டிருந்த சமூகம், மூன்றாம் பிரிவினர்மீது சுமத்தப்பட்ட வரிகள், வோல்ற்றயர், ரூசோ, மொந்தெஸ்கியூ ஆகியோரின் எழுத்துகள், ஈற்றில் 1789 யூலை 14ஆம் நாள் பஸ்ரீல் சிறையின் வீழ்ச்சி. இவ்வளவையும் இரண்டு பக்கங்களில் அடக்கிவிட்டால் மாணவரும் மனநிறைவுறுவர், ஆசிரியரும் மனநிறைவுறுவர், பரீட்சகரும் குறைகாணார்.

இவ்விடையில் பொய் எதுவும் இல்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். தனித்தனியே நோக்குமிடத்து ஒவ்வொரு கூற்றும் உண்மையே. ஆயின் உண்மைகள் பல ஒருங்கே அடுக்கப்பட்ட மாத்திரத்தில் அவை வரலாறு ஆகிவிடுவதில்லை. அவ்வடுக்கு எவற்றைச் சேர்த்துக்கொண்டது, எவற்றை வெளியே நிறுத்தியது, அவ்வாறு நிறுத்தியதால் யாருக்கு நன்மை என்னும் கேள்விகள் எழுப்பப்படும்போதே வரலாற்றுக் கல்வி தொடங்குகிறது எனலாம். மாணவர் வினாக்களுக்கு விடையளித்தல் என்பது அறிஞருலகம் பொருட்படுத்தாத சிறு தொழிலாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதுவோர் பலர். பதினாறு வயது மாணவரின் வினாவுக்கு எழுதப்படும் விடையை ஆராய்வோர் சிலரே. எனினும் ஒரு சமுதாயத்தின் பெரும்பாலோர் உலக வரலாற்றை அறிந்துகொள்வது அவ்விடைகள் வாயிலாகவே என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆகவே அவ்விடைகளைத் திறனாய்வுக்கு உட்படுத்துதல் அவசியமாகிறது. அதனையே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ள முயல்கிறோம்.

2

‘காரணங்களைத் தருக’ என்னும் தொடரிலேயே ஒரு கருத்தியல் பொதிந்துள்ளது. காரணங்கள் எங்கோ முன்னரே வைக்கப்பட்டுள்ளன. அவற்றை எடுத்துத் தருவது மட்டுமே மாணவரின் கடமை என்பது அதன் உட்கிடை. வரலாற்றியலின் சிறந்த நூல்கள் சில இவ்வெண்ணத்துக்கு நேர்மாறான நிலைப்பாட்டை எடுத்துள்ளன.

பிரெஞ்சு வரலாற்றறிஞரான மார்க் புளொக், வரலாற்றாசிரியரின் தொழில் பற்றி எழுதிய நூலை ஒரு சிறுவனின் கேள்வியுடன் தொடங்குகிறார். வரலாற்றாசிரியரான தந்தையை நோக்கி, வரலாற்றால் என்ன பயன் என்று மகன் கேட்கிறான். அறிஞரான புளொக் அக்கேள்வியை ஏளனஞ் செய்யவில்லை; அதற்கு விடையளிக்கும் முயற்சியாகவே தமது நூல் முழுவதையும் அமைத்துக்கொண்டார். 1929இல் லூசியன் பெவ்ருடன் இணைந்து ‘அனால்’ சஞ்சிகையைத் தொடக்கியவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது நாசிகளுக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் இணைந்து, 1944 மார்ச்சில் லியோன் நகரில் கைதாகிச் சித்திரவதைக்குட்பட்டு, அவ்வாண்டு யூன் 16ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். முற்றுப்பெறாத அவரது நூல் 1949இல் வெளிவந்தது. அந்நூல் முறிவுற்று நிற்கும் இடம் காரண காரியம் பற்றிய அதிகாரம் என்பது நமது பொருளுக்கு மிகவும் இயைபுடையது. காரணங்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாகாது, அவற்றைத் தேடிக் காணவேண்டும் என்னும் கருத்தை வற்புறுத்துமிடத்திலேயே எழுத்து நின்றுவிடுகிறது. ‘காரணங்களைத் தருக’ என்னும் வினா புளொக்கின் கையிற் கிடைத்திருப்பின் அதனை அவர் ‘காரணங்களைத் தேடுக’ எனத் திருத்தியிருப்பார் என்று கூறுவது மிகையாகாது.

1961இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் ஈ. எச். கார் நிகழ்த்திய விரிவுரைகள் ‘வரலாறு என்றால் என்ன?’ என்னும் பெயரில் நூலாயின. அவரும் இப்பொருளைப் பரீட்சை எழுதும் மாணவனை முன்னிறுத்தியே விளக்குகிறார். உருசியப் புரட்சிக்கு ஒரே காரணத்தை மட்டும் கூறுபவன் மூன்றாம் வகுப்பிற் சித்தியெய்தினாலே பெரிது; பன்னிரண்டு காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டு நிற்பவன் இரண்டாம் வகுப்பைப் பெறலாம், முதல் வகுப்பை எட்டான் என்பது அவர் கருத்து. காரணங்களுக்கிடையேயுள்ள உறவையும், எது எதற்கு அடிப்படை என்னும் ஒழுங்கையும் காணுமிடத்தே வரலாற்றாசிரியன் பிறக்கிறான் என்பதே இதன் சாரம். நமது வினாவிடை மரபு இரண்டாம் வகுப்பை இலட்சியமாகக் கொண்ட மரபு எனலாம்.

3

இனி அவ்வழமையான விடையினையே உள்நின்று நோக்குவோம். ‘வரிச்சுமை’ என்று மாணவர் எழுதுகின்றனர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரித்தானியாவுக்கு எதிராகப் பிரான்சு ஈடுபட்டமையாற் கடன் பெருகி, 1788இல் அரசின் செலவினத்தில் ஏறத்தாழப் பாதி கடனைத் தீர்ப்பதற்கே போயிற்று. பிரபுக்களிடமும் வரி அறவிட அமைச்சர்கள் முயன்றபோது அதனை எதிர்த்து முதலில் எழுந்தோர் பிரபுக்களே. ‘வறுமை’ என்று எழுதுகின்றனர். 1788இல் விளைச்சல் பொய்த்தது. அடுத்த ஆண்டு யூலை நடுப்பகுதியில் தானிய விலை உச்சத்தை அடைந்தது. பரிஸ் நகரத் தொழிலாளியின் கூலியிற் பெரும்பகுதி பாணுக்கே செலவாயிற்று. பஸ்ரீல் வீழ்ந்த நாளும் பாண் விலை உயர்ந்த நாளும் ஒன்றையொன்று தழுவிநின்றமையை ஏணஸ்ட் லாபுரூஸ் விலைப் புள்ளிவிபரங்களின் துணைகொண்டு எடுத்துக்காட்டினார். கடன், பிரபுக்களின் எதிர்ப்பு, விளைச்சற் பொய்ப்பு, பாண் விலை ஆகியன நான்கு தலைப்புகளின்கீழ் வரும் நான்கு காரணங்கள் அல்ல. அவை ஒரே சமூக அமைப்பின் நெருக்கடி வெவ்வேறு வர்க்கங்களைத் தாக்கிய வெவ்வேறு முறைகள்.

இதனைத் தெளிவாகக் கண்டவர் ஜோர்ஜ் லெபெவ்ர். புரட்சியின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவான 1939இல் அவர் வெளியிட்ட சிறு நூலில், 1789இல் நடந்தது ஒரு புரட்சி அன்று, பிரபுக்கள், பூர்சுவாக்கள், நகர மக்கள், விவசாயிகள் ஆகியோரின் நான்கு எழுச்சிகள் ஒன்றையொன்று தொடர்ந்தன என்று விளக்கினார். பொதுமக்கள் படிப்பதற்கென எழுதப்பட்ட நூல் அது. அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்த விசி அரசு அதன் பிரதிகளை அழிக்குமாறு பணித்தது. ‘புரட்சியை யார் செய்தனர்?’ என்னும் எளிய கேள்விக்கு அளிக்கப்படும் விடையைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்றால், அக்கேள்வி வெறும் வீட்டுவேலைக் கேள்வி அன்று என்பது தெளிவு.

லெபெவ்ருக்குப் பின்னரும் விவாதம் ஓயவில்லை. அல்பேட் சொபூல் பரிஸ் நகரின் ‘சான்குலோத்’ எனப்பட்ட சாதாரண மக்களின் இயக்கத்தை 1958இல் விரிவாக ஆராய்ந்தார். 1955 முதல் அல்பிரட் கொபன், 1789இன் தலைவர்கள் முதலாளித்துவ உற்பத்தியாளர் அல்லர், பெரும்பாலும் வழக்கறிஞரும் அரச பதவியாளருமே என வாதிட்டார். 1978இல் பிரான்சுவா பியூரே, புரட்சி பற்றிய மார்க்சிய விளக்கத்தை அடியோடு மறுக்க முற்பட்டார். இவர்களுள் யாருடைய கூற்று ஏற்கத்தக்கது என்பது வேறு பொருள். கொபனின் சான்றுகளைப் புறக்கணிப்பது முற்போக்கு ஆகாது. அவற்றைக் கொண்டு வர்க்கப் பகுப்பாய்வையே கைவிடுவதும் ஆய்வு ஆகாது. நாம் ஈண்டுச் சுட்ட விரும்புவது யாதெனில், அறிஞரிடையே அரைநூற்றாண்டுக்கும் மேலாக நடந்த இவ்வாதத்தின் நிழல்கூட மாணவர் கையிலுள்ள விடையில் விழுவதில்லை என்பதே. விவாதமாக இருப்பது மாணவரை அடையும்போது முடிந்த முடிபாகிவிடுகிறது.

4

விடையிற் சொல்லப்பட்டவற்றைக் காட்டிலும் சொல்லப்படாதவை அதிக கவனத்துக்குரியன. 1789இல் பிரான்சின் செல்வத்துக்குப் பெரும் ஊற்றாக விளங்கியது கரிபியன் கடலிலிருந்த சென் டொமிங் என்னும் குடியேற்றநாடு. சீனியும் கோப்பியும் அங்கிருந்தே பெருமளவு ஐரோப்பாவுக்குச் சென்றன. அவற்றை விளைவித்தோர் ஆபிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகள். அவர்களின் தொகை ஏறத்தாழ ஐந்து இலட்சம். போர்தோ, நாந்த் ஆகிய துறைமுகங்களின் வணிகர், அதாவது புரட்சியை வரவேற்ற அதே வர்க்கத்தினர், அடிமை வாணிகத்தாலும் குடியேற்றநாட்டு வாணிகத்தாலும் செழித்தவர்கள். 1789 ஓகஸ்ட் 26ஆம் நாள் மனிதன், குடிமகன் ஆகியோரின் உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. மனிதர் பிறப்பால் சமத்துவமுடையோர் என்று கூறிய அப்பிரகடனம் சென் டொமிங்கின் கரும்புத் தோட்டங்களுக்குச் செல்லுபடியாகவில்லை.

அதனைச் செல்லுபடியாக்கியோர் அத்தோட்டங்களின் அடிமைகளே. 1791 ஓகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். பிரித்தானியாவும் இசுப்பானியாவும் அத்தீவைக் கைப்பற்ற முயன்ற போர்ச்சூழலில், அடிமைகளின் படையின்றித் தீவைக் காக்க இயலாது என்பதை உணர்ந்த பிரெஞ்சு ஆணையாளர் 1793இல் அங்கே அடிமை முறையை ஒழித்தனர். பரிஸ் நகரின் தேசிய மாநாடு 1794 பெப்ரவரி 4ஆம் நாள் அதனைக் குடியேற்றநாடுகள் அனைத்துக்கும் விரித்தது. நெப்போலியன் தீவுக்குப் படை அனுப்பி, 1802இல் அடிமை முறையை மீட்டெடுக்கச் சட்டமும் செய்தான். எழுச்சியின் தலைவர் துசென் லூவெத்தூர் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு 1803 ஏப்பிரலில் பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையொன்றில் இறந்தார். ஆயினும் அவரது தோழர்கள் அப்படையைத் தோற்கடித்து 1804 சனவரி 1ஆம் நாள் ஹெயிற்றி என்னும் சுதந்திர நாட்டைப் பிரகடனஞ் செய்தனர். அடிமைகள் தாமே நடத்தி வெற்றிகண்டு அரசமைத்த புரட்சி இது.

நமது மாணவர் எழுதும் விடையில் நெப்போலியனின் தோல்விகள் உருசியாவிலும் வாட்டர்லூவிலும் நிகழ்கின்றன. சென் டொமிங்கில் நிகழ்வதில்லை. ‘புரட்சியின் விளைவுகள்’ என்னும் தலைப்பின்கீழ்ச் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் இடம்பெறுகின்றன. 1825இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தை நோக்கி நிற்க, ஹெயிற்றியின் சுதந்திரத்தை அங்கீகரிப்பதற்கு விலையாக 15 கோடி பிராங்கு கோரப்பட்டமை இடம்பெறுவதில்லை. தமது உடல்களை இழந்த ‘உடைமையாளருக்கு’ அடிமைகளின் வழித்தோன்றல்கள் நட்டஈடு செலுத்தவேண்டும் என்பதே அக்கோரிக்கை. 1838இல் அத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டபோதிலும், அதனைச் செலுத்தப் பெற்ற கடன்களின் சுமை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. இருநூறு ஆண்டுகள் கழிந்து 2025 ஏப்பிரலிலேயே அவ்வரலாற்றை ஆராய இருநாட்டு அறிஞர் குழுவொன்றை அமைக்கப்போவதாகப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் அறிவித்தார். வீட்டுவேலையில் விடுபட்ட வரி ஒரு நாட்டின் வறுமையாக எஞ்சிநிற்கிறது.

இவ்விடுபாடு பாடநூல்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நேர்மையுடன் குறிப்பிடுதல் வேண்டும். திரினிடாட்டைச் சேர்ந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் ‘கறுப்பு யக்கோபின்கள்’ என்னும் நூலை 1938இலேயே எழுதிவிட்டார். பரிஸ் தெருக்களும் சென் டொமிங் தோட்டங்களும் ஒரே புரட்சியின் இரு களங்கள் என்பதை அவர் நிறுவினார். ஆயினும் அதற்குப் பின் 1962இல் வெளிவந்த எரிக் ஹொப்ஸ்போமின் ‘புரட்சி யுகம்’ ஹெயிற்றியை மிகச் சுருங்கக் குறிப்பிடுவதோடு அமைந்துவிடுகிறது. ஹெயிற்றி நாட்டவரான மிஷேல்-றோல்ப் துருய்யோ 1995இல் எழுதிய நூலில் இதனைச் சுட்டிக்காட்டி, அப்புரட்சி நிகழ்ந்த காலத்திலேயே ஐரோப்பியரால் எண்ணிப்பார்க்க முடியாததாக இருந்தது என்றும், எண்ணிப்பார்க்க முடியாதது பின்னர் எழுதப்படாததாயிற்று என்றும் விளக்கினார். முற்போக்கு வரலாற்றாசிரியரும் இத்தவறுக்கு விலக்கல்லர் என்பது நாமனைவரும் உளங்கொள்ளவேண்டிய பாடமாகும்.

5

தொலைவிலுள்ள தீவுகளின் கதை நமது மாணவருக்கு எதற்கு என ஒருவர் வினவலாம். உலக வரலாற்று வினாக்களும் இலங்கை வரலாற்று வினாக்களும் வெவ்வேறு பகுதிகளாக வகுக்கப்பட்டிருப்பதால் எழும் ஐயமே அது. ‘பிரித்தானியர் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றியமைக்கான காரணங்களைத் தருக’ என்பது இரண்டாம் பகுதியில் வரும் வினா. திருகோணமலைத் துறைமுகத்தின் முக்கியத்துவம், ஒல்லாந்தரின் பலவீனம் முதலியன அதற்குரிய விடை. ஆயின் 1795இல் நிகழ்ந்தது என்ன? பிரெஞ்சுப் புரட்சிப் படை நெதர்லாந்தினுட் புகுந்தது. அந்நாட்டின் தலைவரான ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். அங்கே கியூ என்னும் இடத்திலிருந்து, ஒல்லாந்தக் குடியேற்றநாடுகளின் அதிகாரிகள் பிரித்தானியப் படைகளை அனுமதிக்கவேண்டும் என அவ்வாண்டு பெப்ரவரியில் அவர் எழுதிய கடிதங்களே ‘கியூ கடிதங்கள்’ எனப்படுகின்றன. ஓகஸ்டில் திருகோணமலையும், செப்டெம்பரில் யாழ்ப்பாணமும், 1796 பெப்ரவரியில் கொழும்பும் பிரித்தானியர் வசமாயின. பரிஸ் நகரப் புரட்சியின் அலை ஆறாண்டுகளில் யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலைத் தொட்டது. கொப்பியின் முதற்பகுதியில் பிரெஞ்சுப் புரட்சியையும் பிற்பகுதியில் 1796ஐயும் எழுதும் மாணவருக்கு அவை இரண்டும் ஒரே நிகழ்வுத் தொடரின் கண்ணிகள் என்பது சொல்லப்படுவதில்லை.

அடிமை முறை பற்றிய வினா இதனினும் கூர்மையானது. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தனது பேரரசில் அடிமை முறையை ஒழித்தது என்று மாணவர் மனப்பாடஞ் செய்கின்றனர். அச்சட்டத்தின் ஒரு பிரிவு கிழக்கிந்தியக் கம்பனியின் ஆள்புலங்களையும் சென் ஹெலினாத் தீவையும் இலங்கையையும் பெயர்சொல்லி விலக்கியிருந்தது. ஆக, நமது மாணவர் எழுதும் விடை தமது சொந்த நாட்டைப் பொறுத்தவரையில் பிழையானது. இங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினாலேயே. ஒல்லாந்தர் காலத்திற் பதியப்பட்ட தேசவழமையில் அடிமைகள் பற்றிய பகுதி தனியே இடம்பெற்றிருந்தது என்பதும், யாழ்ப்பாணத்தில் அடிமைத்தனம் சாதியமைப்போடு பின்னிப்பிணைந்திருந்தது என்பதும் ஆய்வாளர் அறிந்தவையே. 1833ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு கோடி பவுணை நட்டஈடாக வழங்கியது. அது உடைமையாளருக்கே சென்றது, அடிமைகளுக்கன்று. அதன்பொருட்டுப் பெறப்பட்ட கடன் 2015இலேயே முற்றாகத் தீர்க்கப்பட்டது.

அடிமை ஒழிப்பை ஆங்கிலேயக் கருணையாளரின் அறச்செயலாக எழுதிப் புள்ளிபெறும் மாணவர், தமது ஊரிற் கோயிலினுள்ளும் கிணற்றடியிலும் தேநீர்க்கடையிலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை போராட வேண்டியிருந்தது ஏன் என்று கேட்பதற்கு அவ்விடை இடமளிப்பதில்லை. 1960களின் பிற்பகுதியிற் சங்கானையிலும் மாவிட்டபுரத்திலும் நிகழ்ந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்கள் ஒரு பாடத்திலும், அடிமை ஒழிப்பு வேறொரு பாடத்திலும் கிடக்கின்றன. அவற்றை இணைக்காத விடை அறியாமையை மட்டும் வளர்ப்பதில்லை. வசதியான மறதியையும் வளர்க்கிறது.

6

விடையளித்தல் எவ்வாறு அமையலாம் என்பதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1930 முதல் 1933 வரை வெவ்வேறு சிறைகளிலிருந்து ஜவாகர்லால் நேரு தம் மகளுக்கு எழுதிய 196 கடிதங்கள் ‘உலக வரலாற்றுக் காட்சிகள்’ என்னும் நூலாயின. நூலகம் இன்றி, தாம் எடுத்துவைத்த குறிப்புகளையும் கிடைத்த நூல்களையும் கொண்டு எழுதப்பட்டவை அவை. ஐரோப்பாவை நடுவாகக் கொண்ட உலக வரலாற்றுக்கு மாற்றாக ஆசியாவையும் உலக அரங்கில் நிறுத்திய பெருமை அந்நூலுக்கு உண்டு. ஆயின் அதன் குறைபாடும் அதன் வடிவத்திலேயே உள்ளது. கேட்பவளின் குரலை நாம் அங்கே கேட்பதில்லை. தந்தை சொல்கிறார், மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அன்பும் அறிவும் நிறைந்த அக்கடிதங்களிலும் மகள் மறுத்துக் கேட்பதற்கு இடம் குறைவே.

வேறொரு வகைக்கு எடுத்துக்காட்டாக ஏணஸ்ட் கொம்பிரிச் 1935இல் வியன்னாவில் சிறுவருக்காக எழுதிய உலக வரலாற்றைக் கூறலாம். இருபத்தாறு வயதில் ஆறு வாரங்களில் எழுதி முடிக்கப்பட்ட அந்நூலைச் சமாதானம் பேசுகிறது என்று கூறி நாசிகள் தடைசெய்தனர். ஐரோப்பாவை மையமாகக் கொண்ட நூல் என்பதில் ஐயமில்லை. அவ்வகையில் நேருவின் நூலுக்கு அது ஈடாகாது. எனினும் அரைநூற்றாண்டு கழிந்து வெளிவந்த புதிய பதிப்பில் கொம்பிரிச் ஓர் அதிகாரத்தைச் சேர்த்து, முதலாம் உலகப் போரின் முடிவு பற்றித் தாம் இளமையில் எழுதியது பிழையெனச் சிறுவர்களிடமே ஒப்புக்கொண்டார். விடையளிப்போர் தமது விடையைத் தாமே திருத்துவதை மாணவர் காண்பது அரிது. அதனைக் கண்ட மாணவர் வரலாற்றின் இயல்பைப் பற்றி ஒரு பாடநூல் முழுவதும் கற்பிக்காத ஒன்றைக் கற்றுக்கொள்வர்.

7

இதுவரை கூறியவற்றைக் கொண்டு வினாவிடை நூல்களையும் தனியார் வகுப்புகளையும் ஏளனஞ் செய்துவிட்டு அமைதல் எளிது. அது நியாயமன்று. நூலகமில்லாத ஊரில், இரவற் கொப்பியிலிருந்து குறிப்பெழுதும் மாணவருக்கு, இரண்டு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் விற்கப்பட்ட வினாவிடைப் புத்தகமே ஒருகாலத்தில் உலக வரலாறு முழுவதுமாக இருந்தது. ஆங்கிலம் அறிந்த சிலருக்கு மட்டுமே உரியதாயிருந்த கல்வி தாய்மொழிக்கு வந்தபோது அதற்கேற்ற நூல்கள் வரவில்லை. 1960களில் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட வரலாற்று மொழிபெயர்ப்புகள் அரும்பணியே எனினும், அவற்றின் தொடர்ச்சி பேணப்படவில்லை. ஜேம்சின் நூலையோ லெபெவ்ரின் நூலையோ தமிழிற் படித்து வளரும் வாய்ப்பை நாம் நமது மாணவருக்கு ஏற்படுத்திக் கொடுக்கவில்லை. அவ்வெற்றிடத்தையே வினாவிடை நூல் நிரப்பியது. வினாவைக் கணினியிடம் கொடுத்தால் சில கணங்களில் கட்டுரை கிடைக்கும் இக்காலத்திலும் நிலைமை அடிப்படையில் மாறவில்லை. ஐந்து தலைப்புகள் இன்னும் விரைவாகவும் பிழையற்ற வசனத்திலும் கிடைக்கின்றன என்பதே வேறுபாடு. ஆதலின் குற்றச்சாட்டின் முதற்பங்கு பல்கலைக்கழகத்தினராகிய நம்மையே சாரும்.

பரீட்சையை மாணவர் எழுதியே ஆகவேண்டும் என்பதும் உண்மை. ஐந்து தலைப்புகளையும் மறந்துவிடு என்று அவர்களிடம் கூறுதல், வசதியுள்ளோர் வசதியற்றோருக்குக் கூறும் அறிவுரையாகவே முடியும். ஆகவே அத்தலைப்புகளை விலக்காமல், அவற்றினூடே மூன்று வழிகளைத் திறந்துவிடலாம் என்று நாம் கருதுகிறோம்.

முதலாவதாக, ஒவ்வொரு விடையோடும் ஒரு மூலச்சான்றையேனும் மாணவர் கையிற் கொடுத்தல் வேண்டும். 1789இன் தொடக்கத்திற் பிரான்சின் கிராமங்கள்தோறும் முறைப்பாட்டு ஏடுகள் எழுதப்பட்டன. உப்பு வரி, பிரபுவின் வேட்டை உரிமை, புறாக் கூடுகளால் பயிருக்கு நேரும் அழிவு முதலியன அவற்றில் இடம்பெறுகின்றன. புறாவைப் பற்றிய ஒரு விவசாயியின் முறைப்பாட்டை வாசித்த மாணவருக்கு ‘மானியமுறைச் சலுகைகள்’ என்னும் சொற்றொடர் வெறுஞ் சொற்றொடராக இராது. நெற்கதிரைக் கிளி கொத்துவதைக் கண்ட வன்னி மாணவருக்கு அம்முறைப்பாட்டை விளக்கவேண்டிய தேவையும் இல்லை.

இரண்டாவதாக, ‘யார்?’ என்னும் வினாவை ஒவ்வொரு ‘ஏன்?’ என்னும் வினாவோடும் சேர்த்துக் கேட்கப் பழக்குதல் வேண்டும். புரட்சியை யார் செய்தனர், பாணுக்காக வெர்சேயுக்கு நடந்த பெண்கள் யார், சீனியை விளைவித்தோர் யார், நட்டஈடு யாருக்குச் சென்றது என்னும் வினாக்கள் விடையின் மௌனங்களைத் தாமே வெளிப்படுத்தும்.

மூன்றாவதாக, அறிஞரிடையேயுள்ள கருத்து வேறுபாட்டை மாணவரிடமிருந்து மறைத்தலாகாது. லெபெவ்ர் இவ்வாறு கூறினார், கொபன் மறுத்தார், இரண்டையும் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார் என்று சொல்வதாற் பதினாறு வயது மாணவர் குழம்பிப்போவர் என்பது நமது அச்சமே ஒழிய அவர்களது இயல்பு அன்று. ஊர்க் கோயில் வழக்கில் இரு பக்கத்து நியாயங்களையும் கேட்டு மாலையில் விவாதிக்கும் இளைஞருக்கு, இரு வரலாற்றாசிரியரின் நியாயங்களைக் கேட்கும் ஆற்றல் இல்லையென்று எவ்வாறு கூறலாம்?

இவை மூன்றும் பெரும் நிதியோ புதிய பாடத்திட்டமோ வேண்டுவன அல்ல. இவற்றுக்கு வேண்டுவது தமிழில் எழுதப்பட்ட சிறு நூல்களும், அவற்றை எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதாத அறிஞருமே ஆவர். வரலாற்றால் என்ன பயன் என்று கேட்ட சிறுவனுக்கு விடையெழுத முற்பட்ட புளொக், அவ்விடையை முடிக்குமுன்னரே உயிர் துறந்தார். நம்மிடம் அப்பியாசக் கொப்பியுடன் வரும் மாணவரும் அச்சிறுவனின் கேள்வியையே வேறு சொற்களில் கேட்கின்றனர். அவர்கள் கேட்பது புள்ளிகளுக்காகவே என்று எண்ணி ஐந்து தலைப்புகளை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவோமாயின், அவர்கள் மீண்டும் கேட்கமாட்டார்கள். கேள்வி கேட்பதை நிறுத்திவிட்ட தலைமுறைக்கு வரலாற்றை எழுதிக்கொடுக்கப் பிறர் எப்போதும் ஆயத்தமாகவே இருப்பர்.